மும்பைத் துறைமுகத்தில் இருவருக்கு ஒரு சாவகாசமான நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தை மாதம் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். நானும் வீட்டுக்காரரும் மும்பைத் துறைமுகத்தில் ஒரு பகல் முழுவதையும் படகிலும் படகுத்துறையிலுமாகக் கழித்தோம். ஆசையாக இரண்டு போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அதோடு நிம்மதி போயிற்று. மும்பை செம்பூரில் இருக்கும் திருச்செம்பூர் முருகன் கோவிலில் நூற்றெட்டுப் படி ஏறி முடிப்பதற்குள் மூன்று பேராவது நிறுத்தி விசாரிக்கிறார்கள். மாட்டுங்காவில் பூ வாங்கும்போது, கல்யாணப் பந்தியில், நாத்தனார் போனில் என்று எல்லா இடத்திலும் அதே கேள்விகள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

துறைமுகத்துல ஒரு நாள்னா என்னக்கா? எலிஃபெண்டா போய்ட்டு வர்றதுதானே?

இல்லை. எலிஃபெண்டா போவது ஊர் சுற்றிப் பார்ப்பது. ஒரு மணி நேரம் படகு, நூற்றிருபது படி, குகை, குரங்கிடமிருந்து பையைக் காப்பாற்றுவது, திரும்பி ஒரு மணி நேரம் படகு. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும்போது கால் வலிதான் மிஞ்சும்.

நாங்கள் செய்தது வேறு. காலையில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து, துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வாவுக்குப் பயணிகள் படகு. அங்கே படகுத்துறையை (ஜெட்டி என்பார்கள்) ஒட்டி உட்கார்ந்து டீ, கொஞ்சம் நடை. மத்தியானம் கேட்வேக்குத் திரும்பி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். அதில் பாதி நேரம் ஓடினோம், பாதி நேரம் சும்மா நின்றோம். எங்கும் அவசரமாகப் போய்ச் சேர வேண்டியதில்லை என்பதுதான் திட்டமே.

எங்கேருந்து ஏறணும்? செம்பூர்லேருந்து எப்படிப் போறது?

ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் சிஎஸ்எம்டி ஸ்டேஷன் போய், அங்கிருந்து பெஸ்ட் என்கிற மாநகர பஸ் அல்லது டாக்ஸியில் கேட்வே. முப்பது வருஷமாக ஹார்பர் லைனில் போய்வருகிறேன், அதன் பெயரில் இருக்கிற ஹார்பரைப் பார்க்க இத்தனை நாள் ஆயிற்று. கேட்வே வாசலில் போலீஸ் பையை ஸ்கேன் செய்வார்கள், அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். டிக்கெட் கவுண்டரில் எழுதி ஒட்டியிருப்பதுதான் கட்டணம். வழியில் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மேல்தளத்தில் உட்கார படகிலேயே தனியாகக் கொஞ்சம் காசு வாங்குவார்கள். தாராளமாகக் கொடுங்கள், அது நியாயமான செலவு.

இன்னொரு துறை பாவுச்சா தக்கா, அதாவது ஃபெரி வார்ஃப். அதற்கு டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து உரண் பக்கம் மோரா, ரேவஸ் படகுகள், மாண்ட்வாவுக்குக் காரையும் ஏற்றிப்போகும் ரோ-ரோ எல்லாம் கிளம்பும். மீன் வாடை சகிக்கும் என்றால் அதுவும் நல்ல அனுபவம்.

எந்த மாசம் போகலாம்? மழையில போட் ஓடுமா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகம். மார்ச், ஏப்ரலில் காற்று நன்றாக இருக்கும், வெயிலும் அதே அளவுக்கு இருக்கும். மழைக்காலத்தில் கேட்வே–மாண்ட்வா படகுகளை நிறுத்திவிடுவார்கள். பாய்மரப் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் ஏற்றிவிடுவார்கள்.

நம் ஊரில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோலி மீனவர்கள் சிராவண பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் விட்டு நாரளி பௌர்ணமி கொண்டாடுவார்கள், கடல் அடங்கியது என்று அர்த்தம். பெரும்பாலான வருஷங்களில் நம் வீட்டில் ஆவணி அவிட்டம் வருவதும் அதே நாளில்தான். பூணூல் மாற்றுகிற அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் பூஜை போடுகிறார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்க அதற்கப்புறமும் இரண்டு மாதம் பொறுப்பது நல்லது.

எந்தக் கிழமை நல்லது?

செவ்வாய் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறு கேட்வேயில் திருப்பதி வரிசை. ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) வேறு இருக்கும். திங்கட்கிழமை எலிஃபெண்டா குகைகளுக்கு விடுமுறை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் லீவு போட்டு, புளியோதரை கட்டிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை போய் நின்றவர்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, காலண்டரைப் பார்க்காதது நாங்கள்தான். கேட்வே படிக்கட்டில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். துறைமுகத்தை முதல்தடவையாகச் சும்மா பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. பயமா இருக்கு.

எனக்கும் தெரியாது. பயப்படுவதில் தப்பு இல்லை. 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபெண்டா போய்க்கொண்டிருந்த பயணிகள் படகில், எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் அதிவேகப் படகு மோதியது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம் லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வதில் கண்டிப்பு கூடியிருக்கிறது.

ஏறியவுடனே ஜாக்கெட்டைப் போடுங்கள், கொக்கிகளை எல்லாம் மாட்டுங்கள். புடவை கசங்கும், போட்டோவில் அழகாக இருக்காது என்று மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். படகில் கூட்டம் மிஞ்சிப்போனால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அன்றைக்கு அவசரம் எதுவும் இல்லை என்று முதல் பதிலிலேயே சொன்னேனே.

வாந்தி வருமா மாமி? எனக்கு லோனாவ்லா போனாலே வரும்.

துறைமுகத்துக்குள் பெரிய அலை கிடையாது. மூன்று பக்கமும் நிலம் அணைத்திருக்கிறது. மாண்ட்வாவை நெருங்கும்போது தெற்கே திறந்த கடலிலிருந்து வரும் நீண்ட அலை கொஞ்சம் தூக்கிப் போடும். வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள், ரொப்பவும் செய்யாதீர்கள். இரண்டு இட்லி போதும். படகின் நடுவில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். டீசல் புகை வரும் பக்கத்தை விட்டுத் தள்ளி இருங்கள். மாத்திரை போடுகிற பழக்கம் உண்டென்றால், டாக்டர் சொன்னதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அது உள்ளே நிற்காது.

கேக்கவே கூச்சமா இருக்கு... பாத்ரூம் இருக்குமா?

கூச்சப்படாதீர்கள். பெண்கள் அத்தனை பேரும் இதைத்தான் கேட்டார்கள், ஆண் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சின்னப் பாய்மரப் படகில் கிடையாது. மாண்ட்வா ஜெட்டியில் உண்டு, கேட்வே பக்கத்தில் காசு கொடுத்துப் போகிற இடம் உண்டு. பாய்மரப் படகை நான்கு மணி நேரம் எடுக்கிறீர்கள் என்றால் நடுவில் ஒருமுறை கரைக்குக் கொண்டுவந்து விடச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். மேலே காற்று குளுகுளு என்று இருப்பதால் வெயில் உறிஞ்சுவது தெரியாது.

சாப்பாடு என்ன கட்டிக்கிட்டுப் போனீங்க?

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பால் ஊற்றிப் பிசைந்த தயிர் சாதம், நார்த்தங்காய், ஒரு டப்பா முறுக்கு. சாம்பார், ரசம் வேண்டாம். படகு சாய்ந்தால் முதலில் சாய்வது அதுதான். கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும்.

மாண்ட்வா படகின் பின்னாலேயே குளிர்காலத்தில் கடற்காகங்கள் கூட்டமாகப் பறந்து வரும். எல்லாரும் சிப்ஸ், காட்டியா வாங்கி எறிவார்கள். பறவை கைக்குப் பக்கத்தில் வருவது பரவசம்தான். ஆனாலும் எண்ணெயில் பொரித்தது அதற்கு ஆகாரம் இல்லை. சும்மா பார்த்தாலும் அதே தூரத்தில்தான் பறக்கிறது.

பாய்மரப் படகுன்னா நாமளே ஓட்டணுமா?

வேண்டாம். ஓட்டுகிறவர் ஒருவர், உதவிக்கு ஒருவர் வருவார்கள். கேட்வே எதிரே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இருபத்துச் சொச்சம் அடி நீளம். நேராகப் படியிலிருந்து ஏற முடியாது. மிதவையில் கட்டி நிறுத்தியிருப்பார்கள், குட்டிப் படகு ஒன்றில் கூட்டிப்போய் ஏற்றுவார்கள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏறியதும் ஒன்றை மட்டும் மனதில் நிறுத்துங்கள். பெரிய பாயின் அடியில் குறுக்காக ஒரு கட்டை இருக்கும். படகு திசை மாறும்போது அது தலைக்கு மேல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசும். "குனியுங்கள்" என்றால் ஏன் என்று கேட்காமல் குனிய வேண்டும். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். வழுக்கையில் இரண்டு நாள் தடிப்பு இருந்தது.

ஆசைப்பட்டால் சுக்கானைக் கொடுப்பார்கள். காலையில் காற்று செத்துக் கிடக்கும். உச்சி தாண்டியதும் மேற்கு, வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். அதனால் பாய்மரத்துக்கு மூன்றிலிருந்து ஆறு மணிதான் நேரம். காலையில் எடுத்தால் காசும் போகும், படகும் போகாது.

பரதி, ஓஹோட்டின்னு படகுக்காரங்க பேசிக்கிறாங்களே, அதை நாம ஏன் பாக்கணும்?

பரதி என்றால் கடல் தண்ணீர் ஏறும் ஏற்றம், ஓஹோட்டி என்றால் அது இறங்கும் வற்றம். துறைமுகத்தில் உண்மையான கடிகாரம் அதுதான். ஏற்றம் இரண்டு, வற்றம் இரண்டு என்று ஒரு சுற்று முடிய ஏறக்குறைய இருபத்துநான்கு மணி ஐம்பது நிமிஷம் ஆகும். ஆகவே நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் நான்கு மீட்டரைத் தாண்டும், ஒரு மாடி உயரத்துக்கு மேல். வற்றத்தில் கேட்வே படிகள் பாசி பிடித்து வழுக்கும், படகு கீழே எங்கோ கிடக்கும், ஒரு படகுக்குள் இறங்கி அடுத்த படகுக்குத் தாவ வேண்டிவரும். மோரா பக்கம் சேறு மேலே வந்துவிடும், படகு வருவதே சிரமம்.

கொங்கண் கரையில் இதற்கு ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: திதியை முக்காலால் பெருக்கு, அதுதான் முழு ஏற்றத்தின் நேரம். பிரதமை என்றால் ஒன்று, முக்கால் மணி, அதாவது பன்னிரண்டே முக்கால். சதுர்த்தி என்றால் நாலு முக்கால் மூன்று, மூன்று மணி. அஷ்டமிக்கு எட்டு முக்கால் ஆறு, ஆறு மணி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பதினைந்து, பதினொன்றே கால். பகலுக்கும் ராத்திரிக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளினால் வற்றம். முன்னே பின்னே அரை மணி இருக்கும், அச்சடித்த அட்டவணைக்கு இது ஈடாகாது. ஆனாலும் பாருங்கள், நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் திதி இல்லாமல் இருக்குமா? ராகுகாலம் பார்க்கிற கண்ணை இரண்டு அங்குலம் நகர்த்தினால் போதும்.

நாங்கள் போனது வளர்பிறைச் சதுர்த்தி. ஒன்பது மணி வாக்கில் வற்றம், மூன்று மணிக்கு முழு ஏற்றம். காலையில் வழுக்குப் படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இருபத்தைந்து வருஷத்தில் பொது இடத்தில் கையைப் பிடித்தது அது எத்தனையாவது தடவை என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நான் தூத்துக்குடிக்காரன். எனக்கே கடல் பாடமா?

தம்பி கோபிக்கக் கூடாது. தூத்துக்குடியில் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், சென்னையிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே வளர்ந்தவர்களுக்கு அலை தெரியும், காற்று தெரியும், கொண்டலும் வாடையும் தெரியும். கடல் ஒரே நாளில் ஒரு மாடி இறங்கி ஏறுவது மட்டும் புதுசு. மேற்கே மும்பை, அதற்கும் வடக்கே காம்பே வளைகுடா என்று போகப் போக அது கூடிக்கொண்டே போகிறது. நம் ஊர்க்காரர்கள் வற்றத்தில் படகைச் சேற்றில் பார்த்துவிட்டு "இதென்ன துறைமுகம்" என்று சிரிப்பார்கள். மத்தியானம் வந்து பார்த்தால் அதே இடத்தில் ஆள் முழுகும் தண்ணீர்.

நடுவுல கட்டிப்போட்டுட்டு சும்மா உக்காந்திருந்தீங்களாமே, அதுக்கா காசு?

ஆமாம், அதற்குத்தான் காசு. இரண்டரை மணிக்குப் படகை ஒரு மிதவையில் கட்டச் சொன்னோம். ஓட்டுகிறவருக்கே ஆச்சரியம், "போகலாமா, போகலாமா" என்று மூன்று தடவை கேட்டார். எதிரே கேட்வே, தாஜ் ஓட்டல். சுற்றிலும் கட்டிப்போட்ட படகுகள் இருபது முப்பது. தயிர் சாதத்தைத் திறந்தோம்.

அப்போது ஒன்றைக் கவனித்தோம். எல்லாப் படகும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. ஏற்றத் தண்ணீர் உள்ளே வருகிறது, படகுகள் அதை எதிர்த்துத் திறந்த கடல் பக்கம் முகம் வைத்திருக்கின்றன. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இழுப்பு நின்றது. கயிறு தளர்ந்தது. ஒவ்வொரு படகும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது, கல்யாண வீட்டில் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் ஆட்கள் நிற்பார்களே அந்த மாதிரி. பிறகு மெதுவாக, எதுவும் சொல்லாமல், ஒன்றொன்றாகத் திரும்பி எல்லாம் துறைமுகத்தின் உள்பக்கம் பார்க்க ஆரம்பித்தன. வற்றம் தொடங்கிவிட்டது. காற்று வலுத்த நாளில் படகு காற்றின் பேச்சைக் கேட்கும், இவ்வளவு சுத்தமாகத் தெரியாது. எங்களுக்கு அன்று வாய்த்தது. அந்த அரைமணி நேரத்துக்கு நான் முழு வாடகையையும் கொடுப்பேன்.

பாக்குறதுக்கு என்னக்கா இருக்கு? கிரேனும் கப்பலும்தானே?

முதலில் கேட்வேயையே பாருங்கள். கரையிலிருந்து பார்ப்பது அதன் முதுகு. அது தண்ணீரில் வருகிறவர்களுக்காகக் கட்டியது. ஆனால் 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியபோது இந்தக் கட்டடமே கிடையாது, கட்டி முடிந்தது 1924இல். பிறகு 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் ராணுவத்தின் கடைசிப் படைப்பிரிவு இதன் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்பு வளைவில் வழியனுப்பு விழா.

கிழக்கே போகும்போது இடது கைப்பக்கம் கடற்படையின் கப்பல் கட்டும் தளம். 1735 முதல் வாடியா என்ற பார்சிக் குடும்பம் அங்கே தேக்கில் கப்பல் கட்டியது. அவர்கள் 1817இல் இறக்கிய ஒரு போர்க்கப்பல் இன்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலைதான். படகில் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அதற்கும் வடக்கே விக்டோரியா டாக். 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் பஞ்சும் வெடிமருந்தும் தங்கக் கட்டிகளும் ஒன்றாக ஏற்றிவந்து அங்கே வெடித்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், தங்கம் தெருவில் வந்து விழுந்தது. ஏப்ரல் 14இல் தீயணைப்பு வாரம் தொடங்குவது அந்த நினைவாகத்தான். அன்றைக்கு நாம் வருஷப் பிறப்பு மாங்காய்ப் பச்சடியில் மும்முரமாக இருப்போம்.

மேலும் வடக்கே ட்ராம்பே, அங்கே அணு ஆராய்ச்சி மையத்தின் வெள்ளைக் குவிமாடம். அதற்குக் கொஞ்சம் மேற்கே சிவ்ரியிலிருந்து நீளும் அடல் சேது கடற்பாலம், 2024 ஜனவரியில் திறந்தது, மொத்தம் 21.8 கிலோமீட்டர். எலிஃபெண்டாவுக்குப் பின்னால் நவா ஷேவா சரக்குத் துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கி வரிசை மாதிரி நிற்கும். எலிஃபெண்டா 1987இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்துவிட்டது, ஆனால் தீவுக்குக் கடலடிக் கேபிளில் மின்சாரம் வந்தது 2018இல்தான். வழியில் மிதவைகளையும் பாருங்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. வெளியே போகும்போது மாறித் தெரியும். பேரனைக் கூட்டிப்போனால் அவனுக்கு ஒரு மணி நேரம் பொழுது போகும்.

போட்டோ எடுக்கலாமா?

உங்களையும் கேட்வேயையும் எடுங்கள். கடற்படைக் கப்பல், அதன் தளம், ட்ராம்பே பக்கம் எதையும் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு வாக்குவாதம் செய்யாதீர்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம்.

தண்ணி கறுப்பா அழுக்கா இருக்குமாமே?

பழுப்பாக இருக்கும். அதில் பாதி வண்டல். ஓடைகளிலிருந்து வரும் சேற்றை ஏற்றமும் வற்றமும் நாள் முழுக்கக் கலக்கிக்கொண்டிருக்கும். மீதிப் பாதி நாம் போட்டதுதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. வற்றத்தில் ஜெட்டி ஓரம் நாற்றமும் உண்டு. நீலக் கடல்தான் வேண்டும் என்றால் லட்சத்தீவுக்கு டிக்கெட் போடுங்கள். குளிக்க இறங்கலாமா என்று ஒருவர் கேட்டார். இறங்காதீர்கள், இழுப்பும் படகுப் போக்குவரத்தும் விடாது.

ரெண்டு பீர் எடுத்துக்கிட்டா ஜாலியா இருக்குமே?

பயணிகள் படகில் கூடாது. வாடகைப் படகிலும், தலைக்கு மேல் வீசும் கட்டையைப் பற்றி முன்னால் சொன்னதை இன்னொரு தடவை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சூரியன் கடல்ல விழுறதைப் படகுலேருந்து பாக்கலாமா?

முடியாது. துறைமுகம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் தாஜுக்குப் பின்னால், கட்டடங்களுக்குள் இறங்கும். கடலில் இறங்குவதைப் பார்க்க மரீன் டிரைவ் போக வேண்டும், அதற்குப் படகு தேவையில்லை. ஆனால் படகிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கறுப்பாகி, பின்னால் வானம் சிவந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். எங்களுக்குச் சதுர்த்திப் பிறையும் அங்கேயே தெரிந்தது. நாலாம் பிறையைப் பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். பார்த்துவிட்டோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, முழங்கால் வலி. அவங்க சஷ்டியப்தபூர்த்திக்கு எங்கேயும் போகலை. கூட்டிட்டுப் போகலாமா?

கேட்வே படிகள் வேண்டாம், பாய்மரப் படகும் வேண்டாம். பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வா போகும் ரோ-ரோ இருக்கிறது, 2020 மார்ச்சில் தொடங்கியது. கார் உள்ளே போகும் சாய்தளத்தில் அவர்களும் ஏறிவிடலாம், தாவ வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பயணம், உட்கார வசதியான இடம். அவர்களை ஏற்றிவிட்டு நீங்கள் கூடவே உட்கார்ந்து "அப்பா அதைப் பாரு, இதைப் பாரு" என்று நச்சரிக்காதீர்கள். இருவரையும் ஒரு ஜன்னல் ஓரத்தில் விட்டுவிட்டு நீங்கள் தள்ளிப்போய் உட்காருங்கள்.

மாண்ட்வாலேருந்து அலிபாக் போய், கடல்ல இருக்கிற கோட்டைக்கு நடந்தே போகலாமாமே?

போகலாம், ஆனால் அது வேறு நாளுக்கான வேலை. சில படகு டிக்கெட்டிலேயே அலிபாக் பஸ்ஸும் சேர்ந்திருக்கும். குலாபா கோட்டைக்கு வற்றத்தில் மணலில் நடந்து போய்விடலாம், குதிரை வண்டியும் ஓடும். சிக்கல் எங்கே என்றால், மேலே சொன்ன திதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசையில் கடல் நன்றாக வற்றும், ஆனால் வற்றுவது விடியற்காலையிலும் அந்தி சாயும்போதும். அஷ்டமியில் வற்றம் சரியாக உச்சிவேளையில் வரும், ஆனால் அன்று கடல் அரைகுறையாகத்தான் வற்றும். சஷ்டியில் பத்தரை மணி வாக்கில் வரும், காலை முதல் படகைப் பிடித்தால் உண்டு. எப்படியானாலும் வண்டிக்காரர் "திரும்புங்க" என்று சொன்னால் கோட்டையில் எத்தனை கொத்தளம் பாக்கி இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கோட்டைப் பிரியர்களுக்கு ஒன்று. அங்கிருந்து வடக்கே, கடலுக்குள் காந்தேரி என்று ஒரு தீவுக்கோட்டை இருக்கிறது. 2025இல் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இதுவும் சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்றுதான், நம் செஞ்சி.

அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்னதான் பேசுனீங்க?

இதை அதிகம் கேட்டது என் நாத்தனார். உண்மையைச் சொன்னால் பெரிதாக எதுவும் பேசவில்லை. அவர் ட்ராம்பேயில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் குவிமாடம் கண்ணில் பட்டதும், "கடல் பக்கத்திலேருந்து பாக்கறது இதுதான் முதல் தடவை" என்றார். அப்புறம் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கெழுத்துப் போட்டேன். அவர் தூங்கினார். படகுகள் திரும்பியபோது எழுப்பிக் காட்டினேன். திரும்பும் வழியில் பெரியவள் காலேஜ் ஃபீஸைப் பற்றி ஒரு சின்னச் சண்டை வந்தது, கரைக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது, நடுக்கடலில் எழுந்து போக இடம் கிடையாது.

ராத்திரி சிஎஸ்எம்டியில் ரயில் காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் கண் சொக்கியது. செம்பூர் வந்தது தெரியவில்லை, கோவண்டியில்தான் முழித்தோம்.